காத்திருக்கவும்

சிரிப்பு இருக்கிறது அக்கா, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிற சிரிப்பு. ஆனால் இப்போது இல்லை. நான் சொல்லும்போதுதான் சிரிக்க வேண்டும். நடுவில் சிரித்தால் கதை கெட்டுவிடும். ஆறு வாரமாக இதை உள்ளேயே அடக்கி வைத்திருக்கிறேன். நான் செய்ததிலேயே பெரிய வேலை இதுதான், ஆனால் இதுவரை ஒரு ஆள்கூட இதற்குச் சிரித்ததில்லை. தெரிந்தால்தானே சிரிப்பார்கள்?

உங்களிடம் ஏன் சொல்கிறேன் என்றால், நீங்கள் வாயைத் திறப்பதில்லை. செக்யூரிட்டி வேலைக்கு வந்து நாலு நாளாகிறது. இந்தப் பின்வாசலில் உட்கார்ந்து தலையை ஆட்டுகிறீர்கள், கையைக் காட்டுகிறீர்கள், அவ்வளவுதான். அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்கூட. குரல் காதில் விழுந்தால்தானே நான் அதை எடுத்துக்கொள்ள முடியும்? இந்த இளவேனில் என்க்ளேவில் நானூற்றுப் பன்னிரண்டு வீடு. பால் போடுகிறவர் முதல் காலனித் தலைவர் வரைக்கும் எல்லாக் குரலும் என் தொண்டைக்குள் இருக்கிறது. இல்லாதது உங்களுடையது ஒன்றுதான்.

உங்கள் வாக்கி டாக்கி எங்கே? உள்ளே சார்ஜில் போட்டிருக்கிறீர்களா? நல்லது. அது காதுக்குள் இரைந்துகொண்டே இருந்தால் கதை சொல்ல முடியாது. தொப்பியைத் தலையில் வைத்துக்கொள்ளுங்களேன், வெயில் ஏறுகிறது. வேண்டாமா? மடியிலேயே இருக்கட்டுமா? சரி, உங்கள் இஷ்டம்.

இன்று இந்தப் பக்கம் ஒருவரும் வர மாட்டார்கள். எல்லாரும் முன்வாசலில், கிளப் ஹவுசில் இருக்கிறார்கள். பதினொரு மணிக்கு விசாரணை. தெரியுமில்லையா? அதோ கரிந்து நிற்கிறதே கேஸ் பிளான்ட் ஷெட், அதில் ஆபரேட்டராக இருந்த கஸ்பாரைப் பற்றி. அன்றைக்கு அவர் தன் இஷ்டத்துக்குச் சுடரை அணைத்தாரா, தலைவர் சொல்லி அணைத்தாரா என்று இன்று எழுதி முடிவு செய்கிறார்கள். அரசாங்க அலுவலர் ஒருவர் வந்திருக்கிறார், கட்டுமானக் கம்பெனி வக்கீல் வந்திருக்கிறார். ‘தன் இஷ்டத்துக்கு’ என்று எழுதிவிட்டால் கஸ்பார் மேல் போலீஸ் கேஸ். அவர் ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கொடுப்பதையும் நிறுத்திவிடுவார்கள். அப்பாதான் எஸ்டேட் மேனேஜர் என்பதால் எனக்கு எல்லாம் தெரியும். ‘நித்திலா, நீ வெளியில போய் விளையாடு’ என்று அனுப்பிவிட்டார். பதினேழு வயதுப் பெண்ணை!

அதனால்தான் விளையாட வந்தேன்.

இருங்கள், ஆரம்பத்திலிருந்து வருகிறேன். இது சாதாரணக் காலனி இல்லை அக்கா. விற்கும்போதே அப்படித்தான் விற்றார்கள். அந்த விற்பனைப் பெண் பேசுவாள் பாருங்கள், மூக்கால்: ‘ஸார், மேடம், இங்க நீங்க வாங்கறது வீடு இல்ல. உங்க பேரப்பிள்ளைங்களோட மூச்சு!’ என் அம்மா இதைக் கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்குக் கல்யாணமே ஆகவில்லை, அதற்குள் பேரப்பிள்ளை.

இங்கே கூரை முழுக்க சோலார். பெட்ரோல் வண்டி என்றால் கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டு பேட்டரி வண்டியில்தான் உள்ளே வர வேண்டும். ஜன்னல் எல்லாம் இரண்டு அடுக்குக் கண்ணாடி, வெக்கை உள்ளே வராது, சத்தமும் வராது. ஏசி இருபத்தாறுக்குக் கீழே இறங்கவே இறங்காது, பூட்டி வைத்திருக்கிறார்கள். சிலிண்டர் கிடையாது. நாம் தின்று மிச்சம் வைக்கிற சோறு, காய்த்தோல், வாழையிலை எல்லாம் அந்த பிளான்ட்டுக்குப் போகும். அங்கே ஊறிப் புளித்து, கேஸாக மாறி, ஒரு பெரிய ரப்பர் பலூனில் சேரும். அங்கிருந்து குழாய் வழியாக நம் வீட்டு அடுப்புக்கே திரும்பி வரும். நேற்றுச் சாம்பாரில் இன்று சாம்பார் வைக்கலாம் என்று அப்பா சொல்லுவார். முன்வாசலில் போர்டு பார்த்திருப்பீர்களே, ‘இன்று நாம் தவிர்த்த கரிப்புகை, ஆயிரத்து எண்ணூற்று நாற்பது கிலோ’ என்று சிவப்பு எழுத்தில் ஓடும். வருகிறவர்கள் எல்லாரும் அதன் கீழே நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள்.

கல்யாணம், பண்டிகை என்றால் மிச்சம் அதிகமாகும், கேஸும் அதிகமாகும். பலூன் நிறைந்துவிட்டால் மீதியை ஒரு உயரமான குழாயில் விட்டு எரித்துவிடுவார்கள். அதற்குப் பெயர்தான் சுடர். ஏன் வீணாக எரிக்கிறீர்கள் என்று ஒருநாள் கஸ்பாரிடம் கேட்டேன். அவர் பேச்சு அப்படியே சொல்கிறேன், கேளுங்கள். ‘பாப்பா, இந்தக் கேஸ எரிச்சிட்டம்னா வெறும் பொகையோட போச்சு. எரிக்காம மேல விட்டம்னா, அது பொகைய விட இருவது மடங்கு வெக்கைய வானத்துல கட்டிப் போட்ரும்லா. சுடர் நின்னுச்சுன்னா போர்டுல ஓடுத கணக்கு பூராவும் பொய்யாப் போயிரும் பாத்துக்கா.’

எப்படி? அச்சு அவர்தான் இல்லையா?

ஏன் அக்கா முகம் ஒரு மாதிரி ஆகிறது? வெயிலா? நிழலுக்கு நகர்ந்து உட்காருங்கள்.

சரி. தலைவர் தணிகாசலம் சார். ரிட்டயர்ட் இஞ்சினியர். அவர் மனிதர் மாதிரிப் பேச மாட்டார், நோட்டீஸ் போர்டு மாதிரிதான் பேசுவார். எல்லா உத்தரவும் வாக்கி டாக்கியில்தான். அதையும் மூன்று தடவை சொல்லுவார், செட் இரைச்சலில் காதில் விழாமல் போய்விடக் கூடாதாம். ‘க்ஹும். கவனிக்கவும். பூங்காத் தண்ணீரை நிறுத்தவும். நிறுத்தவும். நிறுத்தவும்.’ கேட்டவர் ‘காப்பி’ என்று சொல்ல வேண்டும், காதில் விழுந்தது என்று அர்த்தம். காப்பி சொல்லிவிட்டால் வேலை நடந்தே ஆக வேண்டும். காகிதத்தில் ஒரு எழுத்து கிடையாது. காகிதம் என்றால் மரம், மரத்தை வெட்டுகிறவனுக்கு இங்கே வேலை இல்லை என்று முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட்டார். கஸ்பார் ஒரே ஒரு நோட்டுப் புத்தகம் கேட்டார், எப்போது என்ன உத்தரவு வந்தது என்று குறித்துவைக்க. தணிகாசலம் சார், ‘க்ஹும். நோட்டு கேட்பவர்கள் வேறு காலனி பார்த்துக்கொள்ளவும்.’ எல்லாரும் சிரித்தார்கள். கஸ்பாரும் சிரித்தார்.

அந்த மாதிரி ஒரு இடத்தில் என்னை மாதிரி ஒருத்தி இருந்தால் என்ன ஆகும், சொல்லுங்கள்!

வீட்டில் அப்பாவின் இரண்டாவது வாக்கி டாக்கி, செருப்பு ஸ்டாண்டு மேல் கிடக்கும். சித்திரை மாதம், கொதிக்கிற வெயில். எடுத்தேன், அழுத்தினேன். ‘கவனிக்கவும். இன்று ஒருநாள் ஏசி இருபதில் வைக்க அனுமதி. அனுமதி. அனுமதி. க்ஹும்.’ அடேயப்பா! எலக்ட்ரீஷியன் ஓடிப்போய்ப் பூட்டைத் திறந்துவிட்டார். மூன்று மணி நேரம் காலனியே காஷ்மீர். ஒருவர் கம்பளி போர்த்திக்கொண்டு பால்கனியில் நின்றார். அப்புறம் தணிகாசலம் சாருக்குத் தெரிந்து, யார் யார் என்று தேடி, கிடைக்காமல் விட்டுவிட்டார்கள். பெண் குரல் எப்படி ஆண் குரலாகும் என்று பார்க்கிறீர்களா? செட்டில் எல்லாக் குரலும் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருகிற மாதிரிதான் வரும். அடித்தொண்டையில் பேசினால் போதும்.

ஒரே ஒரு ஆள் ஏமாறவில்லை. கஸ்பார். மறுநாள் சைக்கிளை நிறுத்திச் சிரிக்கிறார். ‘பாப்பா, எல்லாம் நல்லாத்தான் பண்ணுத. ஒரு தப்பு விடுத. அய்யா இருமிட்டுத்தான் உத்தரவு போடுவாவ. நீ உத்தரவு போட்டுட்டு இருமுத.’ எனக்கு எப்படி இருந்திருக்கும்? என் வாழ்நாளில் என் குரலில் யாரும் தப்புக் கண்டுபிடித்ததில்லை. ‘யாருகிட்டயும் சொல்ல மாட்டேன், பயப்படாத. ஆனா வெளையாட்டு வெளையாட்டோட நிக்கணும், என்ன?’ என்று தலையைத் தட்டிவிட்டுப் போய்விட்டார். சொல்லவும் இல்லை. கடைசிவரைக்கும் சொல்லவே இல்லை.

அந்தத் தட்டல்தான் அக்கா எனக்கு ஆறவில்லை. இருமல் முன்னாலா பின்னாலா? சரி, பார்க்கலாம் என்று மனசுக்குள் போட்டு வைத்தேன். இரண்டு மாதம் குளியலறையில் பயிற்சி. முன்னால் இருமல். க்ஹும். க்ஹும். அம்மா எனக்குச் சளி என்று கஷாயம் வைத்துக்கொடுத்தாள். அதையும் குடித்தேன். கலைக்காக என்னவெல்லாம் செய்ய வேண்டியிருக்கிறது!

என்ன சத்தம்? ஒன்றுமில்லை, குப்பை அள்ளுகிற பேட்டரி வண்டி நின்றுவிட்டது. நடு ரோட்டில் நிறுத்திவிட்டு அந்த அம்மா அப்படியே நிற்கிறாள் பாருங்கள். சார்ஜ் தீர்ந்திருக்கும். 

இப்போதுதான் கதைக்குள் வருகிறோம். அன்று வெள்ளிக்கிழமை கிளப் ஹவுசில் ஒரு கல்யாண வரவேற்பு. எழுநூறு இலை. மிச்சம் அவ்வளவும் பிளான்ட்டுக்குப் போய், சனிக்கிழமை காலையில் பலூன் வெடிக்கிற மாதிரி உப்பி நிற்கிறது. சுடர் தென்னை மர உயரத்துக்கு ஊ ஊ என்று எரிகிறது. அன்றைக்கென்று பார்த்துப் பசுமைச் சான்றிதழ் கொடுக்கிற குழு டெல்லியிலிருந்து வந்து இறங்குகிறது. அஞ்சு இலைச் சான்றிதழ் கிடைத்தால் அடுத்த கட்டத்தில் இன்னும் எண்ணூறு வீடு விற்கலாமாம். காலையிலேயே தணிகாசலம் சார் உத்தரவு போட்டுவிட்டார், இது நிஜமானது: ‘க்ஹும். கவனிக்கவும். விருந்தினர் போகும்வரை பணியாளர் எவரும் முன்பக்கம் வரக் கூடாது. கூடாது. கூடாது.’ போட்டுவிட்டு, டெல்லிக்காரர்கள் முன்னால் செட் கரகரவென்று இரைந்தால் மரியாதை இல்லை என்று தன் செட்டை அணைத்து மேஜை டிராயரில் வைத்துவிட்டார். அப்பா இதை என் முன்னால்தான் அம்மாவிடம் சொன்னார்.

புரிகிறதா அக்கா? தலைவர் குரல் டிராயருக்குள் தூங்குகிறது. நான் வீட்டில் சும்மா இருக்கிறேன். அப்போதெல்லாம் தலைவருக்கும் பிளான்ட்டுக்கும் தனிச் சேனல். செட்டில் அந்தச் சேனலுக்கு மாற்றிவிட்டால் வேறு யாரும் இல்லை, அவர், கஸ்பார், எங்கள் வீட்டுச் செருப்பு ஸ்டாண்டு. விபத்துக்குப் பிறகுதான் எல்லாருக்கும் ஒரே சேனல் என்று மாற்றினார்கள், ஒருவர் பேசினால் காலனி மொத்தத்துக்கும் கேட்கட்டும் என்று.

பதினொன்றரை இருக்கும். எடுத்தேன். சிரிப்பை அடக்கிக்கொண்டேன். முன்னால் இருமினேன். ‘க்ஹும். கவனிக்கவும். விருந்தினர் நெருப்பைப் பார்க்கக் கூடாது. சுடரை அணைக்கவும். அணைக்கவும். அணைக்கவும்.’

கொஞ்ச நேரம் இரைச்சல். அப்புறம் அவர்: ‘அய்யா... சுடர அமத்தச் சொல்லுதீயளா? பலூன் நெறஞ்சி நிக்குதுல்லா அய்யா. அமத்தினம்னா கேஸு எங்க போவும்?’

நான் விடுவேனா? ‘க்ஹும். எதிர்த்துப் பேச வேண்டாம். நான் சொல்லும்வரை காத்திருக்கவும். காத்திருக்கவும். காத்திருக்கவும்.’

இரைச்சல். ரொம்ப நேரம் இரைச்சல். பிறகு, ‘காப்பி’ என்றார்.

நான் ஜன்னலுக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன். தென்னை உயரச் சுடர் இறங்கி, இறங்கி, ஒரு விரல் அளவாகி, அணைந்தே போனது. ஜெயித்துவிட்டேன் அக்கா! இருமலை வைத்து என்னைப் பிடித்த ஆள், அதே இருமலில் விழுந்துவிட்டார். படுக்கையில் விழுந்து உருண்டேன்.

இல்லை, இன்னும் சிரிக்கக் கூடாது. நீங்கள் சிரிக்கவும் இல்லை, நல்ல ஆள். பொறுமையான ஆள்.

பத்து நிமிஷம் கழித்து நானே செட்டில் போய், என் சொந்தக் குரலில் ‘எப்படி கஸ்பார் அண்ணே?’ என்று கேட்பதாகத்தான் திட்டம். சத்தியமாக அதுதான் திட்டம். ஆனால் அதற்குள் அவர் கேட்டார். ‘அய்யா, சுடர ஏத்தவா?’ அந்தக் குரலில் ஒரு பணிவு இருந்தது பாருங்கள், அது இவ்வளவு நாள் எனக்கு வராமலே இருந்தது. இன்னொரு தடவை கேட்டால் பிடித்துக்கொள்ளலாம் என்று விட்டேன். இன்னொரு தடவை கேட்டார். இன்னொரு தடவை. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாறுகிறது. முதலில் சாதாரணமாக, ‘அய்யா, ஏத்தவா?’ ஐந்தாவது தடவை, ‘அய்யா, அடியில கொமிழி வுடுது, வாசம் வருது, ஏத்தவா?’ ஏழாவது தடவை மூச்சு வாங்குகிறது, ‘அய்யா... ஏத்தவா அய்யா...’ நான் செட்டைக் காதில் வைத்துக்கொண்டு கூடவே சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரே ஒரு தடவை, அவர் நிஜமாகவே ஏற்றிவிடுவாரோ என்று தோன்றியது. அப்போது மட்டும் பேசினேன். ‘க்ஹும். காத்திருக்கவும்.’

அவர் நேரில் ஓடிப்போய்க் கேட்டிருக்கலாமே என்பீர்கள். முன்பக்கம் வரக் கூடாதே! போன் பண்ணியிருக்கலாமே என்பீர்கள். பிளான்ட்டுக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது, பொறி பறந்துவிடும் என்று கேட்டிலேயே பெட்டியில் போட வேண்டும். அந்த ஷெட்டுக்குள் அவரிடம் இருந்தது அந்த ஒரு செட்தான். அதாவது, நான்தான்.

என்ன, ‘இன்னொரு தடவை’ என்று விரலைக் காட்டுகிறீர்களே? எதை, கஸ்பாரையா? ‘ஏத்தவா’வையா? ஹா, பிடித்திருக்கிறது பார்த்தீர்களா! முதல் நாள் நான் தணிகாசலம் சார் குரலில் ‘கவனிக்கவும்’ என்றதும் உங்கள் கையிலிருந்த டீ டம்ளரே விழுந்துவிட்டது. அன்றைக்கே நினைத்தேன், இந்த அக்கா நல்ல ரசிகை என்று. இதோ. ‘அய்யா... ஏத்தவா அய்யா...’ போதுமா? கண் கலங்குகிறதே. அவ்வளவு நன்றாகவா செய்கிறேன்?

ஆனால் பாருங்கள், இதில் ஒரு விசேஷம் இருக்கிறது. சொல்கிறேன்.

பதினோரு தடவை கேட்டார். நான் எண்ணினேன். இரண்டு மணிக்கு டெல்லிக்காரர்கள் அஞ்சு இலை கொடுத்துவிட்டு, போர்டு கீழே நின்று போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். கேஸ் எரியாமல் மேலே போய்க்கொண்டிருக்கும்போது போர்டில் கிலோ ஏறிக்கொண்டே இருந்தது, அது சோலார் மீட்டரைத்தானே பார்க்கும், அதற்கு என்ன தெரியும்? தணிகாசலம் சார் அவர்களோடு சாப்பிடப் போய்விட்டார். செட் டிராயரிலேயே. மீதிக் கேஸ் ஷெட் கூரைக்குக் கீழே போய்த் தங்கியிருக்கிறது. இரண்டே முக்காலுக்கு, கழிவைக் கலக்குகிற மோட்டார் தானாகவே ஓடும், அதில் ஒரு பொறி பறந்தால் போதும். டைமர் வைத்தது. அதை நிறுத்தத்தான் அவர் உள்ளே ஓடினார் என்கிறார்கள்.

எங்கள் வீட்டில் இரண்டு அடுக்குக் கண்ணாடி என்று சொன்னேன் இல்லையா? எனக்குச் சத்தமே கேட்கவில்லை. செட்டில்தான் கேட்டது. ‘அய்யா’ என்றார், பதினோராவது தடவை. அப்புறம் வேறு ஒரு சத்தம். அந்தச் சத்தத்தை மட்டும் நான் செய்து பார்த்ததில்லை.

அது போகட்டும். ஆள் பிழைத்துவிட்டாரே! அதுதான் முக்கியம். முகம், கை எல்லாம் வெந்திருக்கிறது, சரியாகிவிடுமாம். நெருப்புக் காற்றை இழுத்துவிட்டதில் தொண்டை மட்டும் போய்விட்டது. இனிமேல் குரல் வராது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். விசேஷம் என்றேனே, அதுதான். கஸ்பார் குரல் இப்போது கஸ்பாரிடமே இல்லை. உலகத்தில் அது என்னிடம் மட்டும்தான் இருக்கிறது.

அப்படிப் பார்க்காதீர்கள் அக்கா. நான் நெருப்பு வைக்கவில்லை. நான் குரல்தான் கொடுத்தேன். கேட்காமலே ஏற்றியிருக்க வேண்டியதுதானே அவர்? மோட்டார் வயர் பழசு என்று அப்பாவே சொன்னார். எனக்கு ஒன்றும் இல்லை, நன்றாகத் தூங்குகிறேன். அம்மா அடுப்பைப் பற்ற வைக்கச் சொன்னால் மட்டும் போவதில்லை. அது வேறு விஷயம்.

அங்கே பாருங்கள், தோட்டக்காரர் பொன்னுரங்கம் அண்ணன். தண்ணீர்க் குழாயை அப்படியே திறந்து விட்டுவிட்டு நம்மையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். ஒரு சொட்டு வீணானால் சம்பளத்தைப் பிடிக்கிற இடம் இது, இவருக்கு என்ன வந்தது? இடுப்பில் இருக்கும் செட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறார். இன்று எல்லாருக்கும் என்னவோ ஆகியிருக்கிறது. காலனியே அமைதியாக இருக்கிறது, கவனித்தீர்களா?

சரி, வந்துவிட்டது. இதுதான் சிரிப்பு. தயாரா?

ஆஸ்பத்திரியில் கஸ்பாரிடம் காகிதம் கொடுத்திருக்கிறார்கள். நோட்டு கேட்டபோது கொடுக்காதவர்கள் இப்போது கொடுத்தார்கள்! இரண்டே வார்த்தை எழுதினாராம்: ‘அய்யா சொன்னாவ.’ இங்கே தணிகாசலம் சார் மேஜையைத் தட்டுகிறார்: ‘க்ஹும். நான் சொல்லவில்லை. சொல்லவில்லை. சொல்லவில்லை.’ ஆறு வாரமாக இது நடக்கிறது. ‘அய்யா சொன்னாவ’, ‘நான் சொல்லவில்லை’. தணிகாசலம் சார் கஸ்பாரைப் பொய்யன் என்கிறார், காலனிக் கமிட்டியும் கஸ்பாரைத்தான் பொய்யன் என்கிறது. செட்டில் பேசியதற்கு ரெக்கார்டு இல்லை, சாட்சி இல்லை, ஒரு துண்டுக் காகிதம் இல்லை. ஆனால் பாருங்கள் அக்கா, தணிகாசலம் சார் சொல்வது உண்மை. கஸ்பார் சொல்வதும் உண்மை! இரண்டு பேரும் உண்மையைப் பேசிக்கொண்டு சண்டை போடுகிறார்கள்! நடுவில் இருக்கிறவள் இங்கே உங்களோடு உட்கார்ந்து கடலை தின்கிறாள்!

இப்போது சிரிக்கலாம்.

அக்கா, இப்போதுதான் சிரிக்க வேண்டும்.

என்ன அக்கா நீங்கள்... ஆறு வாரம் காத்திருந்து சொல்லியிருக்கிறேன். முகத்தில் ஒரு அசைவு இல்லை. புரியவில்லையா? மறுபடி சொல்லட்டுமா? சுடரை அணைக்கச் சொன்னது தணிகாசலம் சார் இல்லை. நான். நித்திலா.

அதோ பேட்டரி வண்டி வருகிறது, கிளப் ஹவுஸ் பக்கத்திலிருந்து. ஓட்டுவது அப்பா மாதிரி இருக்கிறது. அதற்குள் முடிந்துவிட்டதா விசாரணை? ஏன் இவ்வளவு வேகமாக வருகிறார், உள்ளே பத்துக்கு மேல் போகக் கூடாதே. பொன்னுரங்கம் அண்ணனும் இங்கேதான் நடந்து வருகிறார். அவர் செட்டில் யாரோ பேசுகிறார்கள். பெண் குரல். யாரது? கீச்சுக் குரல், சின்னப் பிள்ளை மாதிரி...

யாரோ என்னை மிமிக்ரி செய்கிறார்கள் அக்கா! என்ன தைரியம்! ஆனால் சரியாக வரவில்லை. நான் இவ்வளவு மெல்லிசாகப் பேச மாட்டேன். நான் சொல்வதையே அதுவும்...

நிறுத்து.

நான் நிறுத்தினால் அதுவும் நிறுத்துகிறது.

ஹலோ.

ஹலோ என்கிறது.

அண்ணே, பக்கத்தில் வராதீர்கள், ஊளையிடுகிறது உங்கள் செட், காது கிழிகிறது! தள்ளிப் போங்கள்! அக்கா, சொல்லுங்கள் அவரிடம். அக்கா, உங்கள் செட் உள்ளே சார்ஜில்தானே இருக்கிறது?

தொப்பியை எடுங்கள்.

தொப்பியை எடுங்கள் அக்கா.

...செட்டின் பொத்தானை எவ்வளவு நேரமாக அழுத்திப் பிடித்திருக்கிறீர்கள்? கட்டைவிரல் வெளுத்துப்போயிருக்கிறது. ஆரம்பத்திலிருந்தா? சிரிப்பு இருக்கிறது என்றேனே, அதிலிருந்தா? கிளப் ஹவுசில் மேஜை மேல் செட் இருக்கும், அலுவலர் இருப்பார், அப்பா... யார் நீங்கள்? கஸ்பாருக்கு நீங்கள் என்ன வேண்டும்?

வாயைத் திறக்கிறீர்கள். பேசுகிறீர்கள்.

‘அய்யா, கேட்டீயளா? கேட்டீயளா? கேட்டீயளா?’

கஸ்பாரின் அதே இழுப்பு. அதே ‘அய்யா’. இதை நான் செய்யவில்லை. நான் வாயையே திறக்கவில்லை.

விரலை எடுத்துவிட்டீர்கள். செட் இரைகிறது. காத்திருக்கிறீர்கள்.

இருமல். செட்டில், முதலில் இருமல். அக்கா, இது நான் இல்லை.